சிறுவர்க்கு நிலவுருவங் கற்பித்தல்: பெயரும் வினையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே கீரிமலை என்றோர் ஊர் உண்டு. அங்கு மலை எனத்தக்க உயரம் எதுவுமில்லை. சுண்ணாம்புக்கற் கரையும் அதனடியிற் சுரக்கும் நன்னீரூற்றுமே உள்ளன. அதற்குக் கிழக்கே கடலோடு கலக்கும் தொண்டைமானாறு, ஆறு எனப் பெயர் பெற்றிருப்பினும், மலையிற் பிறந்து நிலத்தில் ஓடிவரும் ஆறன்று. கடனீரேரியொன்று கடலைச் சந்திக்கும் வாயே அது. இவ்வூர்களிற் பிறந்து வளரும் பிள்ளை ஆரம்ப வகுப்பிலே, சுற்றியுள்ள நிலத்தினின்றும் மிக உயர்ந்து நிற்பது மலை என்றும், உயர்ந்த இடத்திலே தோன்றித் தாழ்ந்த இடத்தை நோக்கிப் பாய்வது ஆறு என்றும் மனனஞ் செய்கின்றது. பரீட்சையில் அவற்றைப் பிழையற எழுதிப் புள்ளியும் பெறுகின்றது. ஆயினும், தன் ஊரின் பெயருக்கும் தான் எழுதிய வரைவிலக்கணத்துக்கும் இடையே கிடக்கும் முரண்பாட்டை அப்பிள்ளை வினவுவதில்லை. வினவும்படி ஆசிரியரும் தூண்டுவதில்லை. கற்ற சொல் ஒரு புறமும் கண்ட நிலம் மறுபுறமுமாக நிற்க, இரண்டையும் இணைக்கும் பாலம் இன்றியே பாடம் நிறைவெய்திவிடுகின்றது.

இளம் பிள்ளைகளுக்குப் புவியின் மேற்பரப்பைப் பற்றிக் கற்பித்தல் எளிய காரியமெனவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. மலை, மேட்டுநிலம், சமவெளி, பள்ளத்தாக்கு, ஆறு, ஏரி, தீவு, குடாநாடு, முனை என ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். பக்கத்திலே வர்ணப்படம் ஒன்று. இவ்வளவே போதுமென்ற எண்ணம் பாடநூல்களிலும் பயிற்சித்தாள்களிலும் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணத்தின் அடிப்படைத் தவறு யாதென்பதைத் தமிழிலக்கணத்தின் துணைகொண்டே விளக்கலாம். பெயர்ச்சொல் காலங் காட்டாது. வினைச்சொல் காலங் காட்டும். இது இலக்கணத்தின் அரிச்சுவடி. நிலவுருவங்கள் யாவும் உண்மையில் வினைகள். மலை தேய்ந்துகொண்டிருக்கின்றது, ஆறு அரித்துக்கொண்டும் படியவிட்டுக்கொண்டும் செல்கின்றது, மணல்மேடு நகர்கின்றது, கடற்கரை வளர்கின்றது அல்லது குறைகின்றது. இவ்வினைகளைக் காலம் நீக்கிப் பெயர்களாக உறையச் செய்து பிள்ளையின் கையிற் கொடுப்பதே இன்றைய போதனாமுறையின் குறைபாடாகும். இக்குறைபாடு வகுப்பறையோடு நின்றுவிடுவதன்று. இலங்கையின் அண்மைக்கால அனுபவம் அது உயிரோடு தொடர்புடைய விடயம் என்பதை உணர்த்தியுள்ளது.

பெயரை முதன்மைப்படுத்தும் இம்முறை எவ்வாறு நிலைபெற்றது என்பது முதலில் நோக்கத்தக்கது. ஈழத்துத் தமிழ்ப் பாடசாலை மரபிலே இதற்கு இரு ஊற்றுக்கள் உள்ளன எனலாம். ஒன்று நிகண்டு. திண்ணைப் பள்ளிகளிலே சூடாமணி நிகண்டு போன்ற நூல்கள் மனனஞ் செய்விக்கப்பட்டன. அவற்றின் இடப்பெயர்த் தொகுதி மலைக்கும் கடலுக்கும் காட்டுக்கும் உரிய பல பெயர்களைத் தொகுத்துத் தந்தது. மற்றையது மிஷனரிமார் கொணர்ந்த வினாவிடை முறை. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினறியிலே மேனாட்டு வானியலும் புவியியலும் போதிக்கப்பட்டன. அதனைச் சூழ எழுந்த பாடசாலைகள் மூலம் இவ்வறிவு கீழ் வகுப்புகளுக்கும் பரவியது. சமயபோதனைக்கு வழக்கமாயிருந்த வினாவும் விடையும் புவியியலுக்கும் உரிய வடிவமாயின. நிகண்டின் நோக்கம் செய்யுளைப் படிப்போனுக்குச் சொல் வழங்குவது; அதனளவில் அது குறையற்றது. வினாவிடையின் நோக்கம் ஐயத்துக்கிடமற்ற கோட்பாட்டை நெஞ்சில் நிறுத்துவது; அதுவும் தன் களத்திற் பொருந்துவதே. ஆனால் இவ்விரு வடிவங்களும் மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு பொருளைக் கற்பிக்கும் கருவிகளாகக் கொள்ளப்பட்டபோது, கருவியின் இயல்பே பொருளின் இயல்பாகப் பிள்ளைகளின் மனத்திற் பதிந்தது. பெயரை அறிந்தவன் நிலத்தை அறிந்தவனானான்.

இக்குறைபாடு தமிழர்க்கோ ஈழத்துக்கோ மாத்திரம் உரியதன்று. 1762இல் வெளியான 'எமில்' என்னும் நூலிலே ரூசோ இதனையே கண்டித்தார். இரண்டாண்டு காலம் உலகவுருண்டையை வைத்துப் படித்த பத்து வயதுப் பிள்ளை, பாரிஸ் நகரிலிருந்து அருகிலுள்ள சென் டெனிக்குத் தான் கற்றதைக்கொண்டு வழி கண்டுபிடித்துச் செல்லமாட்டாது என்பது அவர் கூற்றின் சாரமாகும். பிள்ளையின் புவியியல் அது வாழும் ஊரிலிருந்தே தொடங்கவேண்டும் என்றார் அவர். இக்கருத்துக்குச் செயல்வடிவம் கொடுத்தவர் பெஸ்டலோசி. சுவிற்சர்லாந்தின் இவெர்டொனில் அவர் நடத்திய கல்விக்கூடத்திலே மாணவர் அயலிலுள்ள பியூரொன் ஓடையின் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் அதனை நோக்கினர். அங்கிருந்தே களிமண் எடுத்து வந்தனர். பெரிய மேசைகளின் மீது அப்பள்ளத்தாக்கின் உருவத்தைத் தாமே அமைத்தனர். அடுத்தடுத்த உலாக்களிற் கண்டவற்றைச் சேர்த்து அவ்வுருவை விரித்துச் சென்றனர். தேசப்படம் அதற்குப் பின்னரே அவர்களுக்குக் காட்டப்பட்டது. நவீன புவியியலின் முன்னோடிகளுள் ஒருவரான காள் ரிற்றர் இவெர்டொனுக்குச் சென்று இம்முறையைக் கண்டவர். பெஸ்டலோசிக்குப் புவியியற் செய்திகள் மிகக் குறைவாகவே தெரிந்திருந்தன என்றும், ஆயினும் தாம் அத்துறையிற் கடைப்பிடித்த முறையை அவரிடமே கற்றதாகவும் அவர் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். செய்தி குறைந்த ஆசிரியர் முறையால் ஒரு துறையையே வளர்க்கலாம். செய்தி நிறைந்த பாடநூல் முறையின்மையால் ஒரு பிள்ளையின் வினாவை அடைத்துவிடலாம். இவ்வுண்மையை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

பிள்ளையின் மனம் வெறும் பாத்திரமன்று என்பதைப் பிற்கால உளவியலாய்வுகள் உறுதிப்படுத்தின. பிள்ளைகள் உலகைக் கருதும் முறைபற்றி 1926இல் பியாசே வெளியிட்ட நூல் இவ்வகையில் முக்கியமானது. ஜெனீவாவிலுள்ள சிறு பிள்ளைகளிடம் அந்நகரின் ஏரி எவ்வாறு உண்டாயிற்று எனக் கேட்கப்பட்டபோது, மனிதர் குழி தோண்டி நீர் நிரப்பினர் என்பன போன்ற விடைகள் கிடைத்தன. இயற்கைப் பொருள்கள் யாவும் யாரோ ஒருவராற் செய்யப்பட்டவை எனக் கருதும் இப்போக்கினைப் பிள்ளைமையின் ஒரு படிநிலையாகப் பியாசே விளக்கினார். 1992இல் வொஸ்னியாடோ, புறூவர் ஆகிய இருவர் ஐக்கிய அமெரிக்காவிலே ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் அறுபதின்மரிடம் நடத்திய ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. பூமி உருண்டையானது என்று சொல்லும் பிள்ளைகளுட் பலர், தம் காலடியிலுள்ள தட்டையான நிலத்தையும் ஆசிரியர் சொன்ன உருண்டையையும் சமரசப்படுத்தித் தாமே புதிய உருக்களைப் படைத்திருந்தனர். உள்ளே குடைவான உருண்டையொன்றின் நடுவிலே தட்டையான தரையில் மனிதர் நிற்பதாகச் சிலர் கருதினர். நிற்கும் பூமி ஒன்று, வானத்திலே தெரியும் உருண்டைப் பூமி வேறொன்று என இரண்டாக எண்ணினர் வேறு சிலர். பிள்ளையின் வாயிலிருந்து சரியான சொல் வருவது பிள்ளையின் மனத்திலே சரியான கருத்து இருப்பதற்குச் சான்றாகாது என்பதே இதனாற் பெறப்படுவது.

எனினும், இவ்வாய்வுகளை இலங்கைக்கு அப்படியே பெயர்த்து வைத்தலும் தவறாகும். பியாசேயின் எடுத்துக்காட்டே இதற்குச் சான்று. ஏரியை மனிதர் தோண்டினர் என்று ஜெனீவாப் பிள்ளை சொன்னால் அது பிழை. வன்னியிலே வாழும் பிள்ளை தன் ஊரின் நீர்ப்பரப்பைப் பற்றி அவ்வாறு சொன்னால் அது முழுதும் சரி. இரணைமடுவும் கட்டுக்கரைக்குளமும் மனிதர் அணைகட்டித் தேக்கியவை. கண்டி நகரின் நடுவேயுள்ள வாவி ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைப்பித்தது. நுவரெலியாவின் கிரகறி வாவி 1873இல் தேசாதிபதி கிரகறியின் காலத்தில் உருவாக்கப்பட்டது. ஆற்றுவெள்ளச் சமவெளிகளிலுள்ள வில்லுகளையும் கரையோரக் களப்புகளையும் ஒதுக்கிவிட்டால், இந்நாட்டின் உட்பகுதியிலே பிள்ளைகள் காணும் பெரிய நீர்ப்பரப்புகள் பெரும்பாலும் மனிதர் கைபட்டவையே. அவ்வாறாக, 'ஏரி' என்பதனை மலையோடும் ஆற்றோடும் ஒருங்கு வைத்து இயற்கை நிலவுருவமென எண்ணிச் செல்லும் பட்டியல், ஐரோப்பியப் பிள்ளைக்கு எழுதப்பட்ட பட்டியலின் நிழலேயாகும். வன்னிப் பிள்ளைக்குக் குளக்கட்டும் துருசும் வானும் அலைகரையும் தெரியும். மாரியிலே வான் பாய்வதைக் கண்டிருக்கின்றது. நிலத்தின் சாய்வை உணர்ந்து, எவ்விடத்திற் கட்டினால் நீர் தங்கும் என்று கணித்த முன்னோரின் தரைத்தோற்ற அறிவு அச்சொற்களில் அடங்கியுள்ளது. அவ்வறிவைப் பாடமாக்காது, அப்பிள்ளைக்கு அந்நியமான ஏரியொன்றின் படத்தைப் பாடமாக்குவது கல்வியாகாது.

இதனை மேலும் தெளிவாக்க, இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் வாழும் வேறு மூன்று நிலப்பரப்புகளை நோக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லாலானது. மேற்பரப்பு ஏறத்தாழத் தட்டையாதலின் அங்கே கற்பிப்பதற்கு நிலவுருவம் ஒன்றுமில்லை என்ற எண்ணம் ஆசிரியரிடையே உண்டு. உண்மையில் அங்கு நிலவுருவங்களிற் பெரும்பகுதி நிலத்தின் கீழேயே உள்ளது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்குகின்றது. வழுக்கியாறு என்னும் பருவகால ஓடையைத் தவிரக் குடாநாட்டில் ஆறில்லாமைக்கும், கீரிமலையிலே கடலருகே நன்னீர் ஊறுவதற்கும், புத்தூரில் நிலாவரைக் கிணறு அமைந்தமைக்கும் காரணம் இதுவே. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்திற் செல்லச் செல்ல உவர்நீரும் உள்ளன. இராமர் அம்பூன்றிய இடமென்ற கதையைப் பிள்ளைகள் கேட்டிருப்பர். அடியில்லாக் கிணறென்ற வியப்பையும் கேட்டிருப்பர். நன்னீர் உவர்நீரின் மீது மிதக்கின்றது என்பதையும், மேலுள்ளதை அளவின்றி இறைத்தால் கீழுள்ளது மேலெழும் என்பதையும் கேட்டிருப்போர் மிகச் சிலர். குடாநாட்டின் வாழ்வு கிணற்றிலே தங்கியுள்ளது. நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னர் எத்தனையோ தோட்டக் கிணறுகள் உவராயின. மண்ணின் கீழே நடப்பதை அறியாத தலைமுறை தன் கிணற்றைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

மட்டக்களப்பின் பெயரிலேயே களப்பு உள்ளது. வாடைக்காற்று மழை பெய்யும் காலத்திலே களப்பு நிறைந்து, கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் மணற்றிடலை உடைத்துக்கொண்டு பாய்கின்றது. சில ஆண்டுகளில் மனிதரே அதனை வெட்டிவிட வேண்டியுள்ளது. மழை ஓய்ந்தபின் கடலலைகள் மணலைக் கொணர்ந்து மீண்டும் வாயை அடைக்கின்றன. நிலவுருவமொன்று ஆக்கப்படுவதையும் அழிக்கப்படுவதையும் ஓராண்டினுள்ளே கண்ணாற் காணும் வாய்ப்பு உலகிற் பல பிள்ளைகளுக்குக் கிட்டாதது. ஆயினும் களப்பு என்பது 'கடலிலிருந்து மணற்றிடலாற் பிரிக்கப்பட்ட ஆழமற்ற நீர்ப்பரப்பு' என்ற ஒரு வரியோடு வகுப்பறையில் முடிந்துவிடுகின்றது. முகத்துவாரத்தை எப்போது வெட்டவேண்டும் என்பதில் வயற்காரருக்கும் மீன்பிடிப்போருக்கும் எழும் கருத்து வேற்றுமை அப்பிள்ளைகளின் வீடுகளிலேயே பேசப்படுகின்றது. அப்பேச்சு பாடத்தினுள் நுழைவதில்லை.

மலையகத்தின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. அங்கே மலையைக் காட்டுவதற்குப் படம் வேண்டியதில்லை. பிள்ளை மலையின் மீதே பிறக்கின்றது. பீதுறுதலாகலையின் உயரம் 2,524 மீற்றர் என்றும் அதுவே இலங்கையின் மிக உயர்ந்த சிகரமென்றும் அது கற்கின்றது. ஆனால் தன் லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவைப் பற்றி அது எதுவும் கற்பதில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆந் திகதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மண் சரிந்து லயங்களை மூடியது. உள்ளிருந்தோர் பலர் புதையுண்டனர். அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளியோடு வந்த பெருமழையின்போதும் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களிலே மண்சரிவுகள் பேரிழப்பை விளைவித்தன. புவியியற் பாடம் ஒழுங்காக நடந்திருந்தால் இவ்வழிவுகள் நேர்ந்திரா எனக் கூறுவது பொறுப்பற்ற கூற்றாகும். குடியிருக்கும் நிலத்தின் மீது உரிமையில்லாத ஒரு மக்கட்கூட்டம் தன் வீட்டை எங்கே அமைப்பதென்று தானே தீர்மானிக்க முடியாது. அது நிலவுடைமையும் அரசியலும் சார்ந்த பிரச்சினை. அதனைப் பாடசாலையின் தலையிற் சுமத்தலாகாது. எனினும், தரையிற் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், இறுகிப்போகும் கதவு, எதிர்பாராத இடத்தில் ஊறும் நீர், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவை நிலம் அசைவதற்கான அறிகுறிகள் என்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளை அறிந்திருத்தல் கூடும்; அறிந்திருத்தல் வேண்டும். மலையை அசைவற்ற பெயராகக் கற்ற பிள்ளைக்கு அது அசையும் என்ற எண்ணமே தோன்ற இடமில்லை.

இவ்வகை அறிவு பயன்படும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்றுண்டு. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி தாய்லாந்தின் புக்கெற் தீவிலே மாய் காவோ கடற்கரையில் நின்ற ரில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் நுரைத்துக் கொந்தளித்து வழக்கத்துக்கு மாறாக ஏறுவதைக் கண்டாள். அதற்கு இரண்டு கிழமைகளுக்கு முன்னரே சுனாமிபற்றித் தன் புவியியல் வகுப்பிற் கற்றிருந்தாள். அவள் தாய்தந்தையரை வற்புறுத்தினாள்; கடற்கரையிலிருந்தோர் வெளியேற்றப்பட்டனர்; அக்கரையிலே உயிரிழப்பு நேரவில்லை. அவளைக் காத்தது சுனாமி என்னும் சொல்லின் வரைவிலக்கணமன்று. முதலில் இது நிகழும், பின்னர் இது நிகழும் என்ற நிகழ்ச்சித் தொடர் அவள் மனத்திலிருந்தது. கண்முன் கண்டதை அத்தொடரில் ஓரிடத்திற் பொருத்திப் பார்க்கும் ஆற்றலும் இருந்தது. அதாவது அவள் வினையைக் கற்றிருந்தாள். அதே நாளிலே இலங்கையின் கிழக்கிலும் தெற்கிலும் வடகிழக்கிலும் கடல் பின்வாங்கியபோது, வெளிப்பட்ட தரையைக் காணவும் மீன் பொறுக்கவும் சென்றோர் இருந்தனர். யால பகுதியிலே, கடற்காட்சிக்காக மணல்மேடு அகற்றப்பட்ட ஒரு விடுதி அழிந்ததையும், அயலில் மணல்மேடு குலையாதிருந்த இடங்களிற் சேதம் குறைந்திருந்ததையும் பின்னர் வந்த சர்வதேச ஆய்வுக்குழு அவதானித்தது. மணல்மேடு என்பது படத்திலுள்ள அழகிய காட்சியன்று. அது ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருக்கும் உரு. வடமராட்சி கிழக்கின் மணற்காட்டிலே மணலால் மூடுண்ட பழைய தேவாலயத்தைக் கண்ட பிள்ளைக்கு மணல் நகரும் என்பதை விளக்க அதிக நேரம் வேண்டியதில்லை.

இவ்விடத்திலே இரு மறுப்புகள் எழக்கூடும். அவற்றை ஆராயாது விடுதல் நியாயமன்று. முதலாவது, பெயர்கள் இன்றி எவ்வறிவும் இல்லை; பிள்ளைக்கு முதலிற் சொல்லைக் கொடுத்தாலன்றி அது எதனைக் கொண்டு சிந்திக்கும் என்பது. இது ஓரளவு உண்மையே. ஆனால் இங்கு மறுக்கப்படுவது பெயரன்று. பெயரோடு பாடம் முடிந்துவிடுவதே. மேலும், பிள்ளையிடம் சொற்கள் ஏற்கெனவே உள்ளன. தரவை, கலட்டி, வெளி, துரவு, மடு, திட்டி, வெள்ளவாய்க்கால், செம்பாடு முதலிய சொற்கள் நிலத்தை நுணுகி நோக்கிய மக்கள் ஆக்கியவை. பாடநூலிலே மேட்டுநிலம், சமவெளி என்ற இரு சொற்கள் நிற்குமிடத்தில் ஊர்வழக்கிலே பத்துச் சொற்கள் நிற்கின்றன. அவற்றைக் கொச்சையென ஒதுக்கிவிட்டுக் கலைச்சொல்லை மாத்திரம் கொடுப்பதால் பிள்ளையின் சொல்வளம் பெருகுவதில்லை; சுருங்குகின்றது.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலிமையுடையது. ஊரிலிருந்தே தொடங்கவேண்டும் என்றால் பிள்ளை ஊரோடு குறுகிவிடாதா? எரிமலையும் பனியாறும் பாலைவனமும் அதன் கற்பனையைத் தூண்டவேண்டாமா? 'அண்மையிலிருந்து சேய்மைக்கு' என்ற கொள்கை ஆசிரியர் கலாசாலைகளிலே வேதவாக்காகக் கொள்ளப்படுவதுண்டு. 1934இல் 'இளம் புவியியலாளர்' என்னும் நூலை வெளியிட்ட நியூயோர்க் கல்வியாளர் லூசி ஸ்பிறேக் மிச்சல் போன்றோர் பிள்ளை தன் சூழலை ஆராய்வதையே அடிப்படையாகக் கொண்டனர். ஆனால் அண்மையில் இருப்பது யாவும் அறிமுகமானது என்று கொள்வது தவறு. குடாநாட்டுப் பிள்ளைக்குத் தன் காலடியிலுள்ள சுண்ணாம்புக் குகை, தொலைக்காட்சியிற் கண்ட எரிமலையினும் அந்நியமானது. ஆதலால் அண்மை சேய்மை என்பதினும் நிகழ்ச்சி என்பதே சரியான அளவுகோல். நீர் சரிவிலே என்ன செய்கின்றது என்பதைப் பாடசாலை முற்றத்திலே அறிந்த பிள்ளை, இமயமலையின் பள்ளத்தாக்கையும் அதே அறிவால் விளங்கிக்கொள்ளும். பெயரைக் கற்ற பிள்ளையோ ஒவ்வொரு நாட்டுக்கும் புதிய பெயர்களை மனனஞ் செய்யவேண்டியிருக்கும். ஊரிலிருந்து உலகுக்குச் செல்லும் வழி தூரத்தால் அளக்கப்படுவதன்று, விளக்கத்தால் அளக்கப்படுவது.

அறிஞரிடையேகூட நிலவுருவம் முடிந்த முடிபன்று என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. இலங்கையின் தரைத்தோற்றம் மூன்று படிகளாக அமைந்திருப்பதை 1929இல் அடம்ஸ் விளக்க முற்பட்டபோது, தீவு மீண்டும் மீண்டும் மேலெழுந்து அரிக்கப்பட்டதே காரணம் என்றார். 1940களில் வாடியா, பெருநிலத் துண்டுகள் பிளவுகளின் வழியே உயர்த்தப்பட்டமையே காரணம் என்றார். பின்வந்தோர் இரண்டையும் ஐயுற்றனர். பேராசிரியர் வினவும் ஒன்றைப் பிள்ளை வினவக்கூடாதென்பதற்கு நியாயமில்லை. 'இந்த மலை ஏன் இங்கே நிற்கின்றது?' என்பது ஆறு வயதுப் பிள்ளையின் வினா. அதுவே புவிவெளியுருவியலின் வினாவுமாகும்.

தமிழ் இலக்கியத்தைப் பயில்வோர் இத்துறையிற் செய்யவேண்டிய பணியும் ஒன்றுண்டு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்திணைப் பாகுபாடு தமிழ்ப் பாடத்திலே பட்டியலாகக் கற்பிக்கப்படுகின்றது. மலை, சமவெளி, கடற்கரை என்பன சுற்றாடற் பாடத்திலே வேறொரு பட்டியலாகக் கற்பிக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே பள்ளியில் ஒரே பிள்ளைக்குச் சொல்லப்பட்டும் ஒன்றையொன்று அறியாதிருக்கின்றன. திணைக் கோட்பாட்டை நிலவியல் விஞ்ஞானமென்று பெருமைபேசுவது பொருந்தாது. அது கவிதைக்குரிய பொருண்மரபு. ஆயினும் அதன் அமைப்பிலே இன்றைய பாடநூல் இழந்துவிட்ட ஒன்று உள்ளது. அங்கு நிலம் தனித்து நிற்பதில்லை. பொழுதோடு சேர்ந்தே முதற்பொருளாகின்றது. நிலமும் பொழுதும் சேர்ந்த பின்னரே மரமும் விலங்கும் தொழிலும் மனிதர் ஒழுக்கமும் வருகின்றன. பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாது, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்த நிலையாகக் காணும் சிலப்பதிகாரத்தின் கருத்தோ நிலத்தை ஒரு மாற்றமாகவே நோக்குகின்றது. காலத்தினின்றும் பிரிக்கப்பட்ட நிலம் தமிழ்க் கவிதைக்குத் தெரியாது. அது பாடநூலுக்கு மாத்திரமே தெரிந்த நிலம்.

இம்மாற்றத்துக்குப் பெருஞ் செலவு வேண்டுமென்பதும் இல்லை. மாரிமழை பெய்து ஓய்ந்த மறுகணம் பாடசாலை முற்றம் ஒரு புவியியற் கூடமாகின்றது. கூரைநீர் விழுந்த இடத்திற் குழி. அதிலிருந்து வளைந்து செல்லும் சிற்றோடை. அது வேகங் குறையும் இடத்திலே விசிறிபோற் படிந்த மணல். அரித்தல், காவுதல், படியவிடுதல் ஆகிய மூன்றும் பத்து அடி நீளத்தில் அங்கே உள்ளன. ஒரு மணற்குவியலும் ஒரு கேத்தில் தண்ணீரும் மலைச்சரிவின் கதையைச் சொல்லும். குவியலின் ஒரு பக்கத்திற் புல்லைப் பதித்துவிட்டு நீரை ஊற்றினால் வேரின் பணியும் விளங்கும். சுண்ணாம்புக்கற் பொடியிலே தேசிப்புளியைப் பிழிந்தால் அது நுரைத்துக் கரையும். கண்ணாடிப் பாத்திரத்தில் உப்புநீரை வைத்து, நிறமூட்டிய நன்னீரை அதன்மேல் மெல்ல ஊற்றினால் நிலாவரையின் இரகசியம் மேசை மீது தெரியும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை தன் பெற்றோர் கான் வெட்டுவது எதற்கென்று கேட்டு வந்து வகுப்பிலே சொன்னால், சரிவிலே நீரைக் கட்டுப்படுத்தும் முறைபற்றிய பாடம் அதுவே.

1990களின் இறுதியில் ஆரம்பக் கல்வியிலே கொண்டுவரப்பட்ட சீர்திருத்தம் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பெயரையே பாடத்துக்கு வழங்கியது. அப்பெயரிலே செயற்பாடு என்னும் சொல் அமைந்திருப்பது அதன் நோக்கம் சரியானதென்பதைக் காட்டுகின்றது. ஆனால் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை நோக்கி ஓடும் வகுப்பறையில் செயற்பாடு மீண்டும் பட்டியலாகிவிடுகின்றது. 'மிக உயர்ந்த மலை எது?' என்ற வினாவைத் திருத்துவது எளிது. 'மழைக்குப் பின் முற்றத்து மணல் ஏன் மதிலோரத்திற் குவிந்தது?' என்ற வினாவைத் திருத்துவதற்கு ஆசிரியர் சிந்திக்கவேண்டும். எளிதாகத் திருத்தக்கூடியதையே கேட்பது என்ற வழக்கம், எளிதாக மறக்கக்கூடியதையே கற்பிப்பது என்ற வழக்கத்தை உண்டாக்கியுள்ளது. பாடத்திட்டத்தின் பெயரை மாற்றுவதனால் அன்றி, பரீட்சை வினாவின் இயல்பை மாற்றுவதனாலேயே இதற்கு விடிவு ஏற்படும். ஆசிரியர் பயிற்சியும் அதற்கேற்பச் சொந்த மாவட்டத்தின் நிலத்தை நடந்து பார்த்து அறியும் பயிற்சியாக அமைதல் வேண்டும்.

கீரிமலையிலே மலையில்லை என்பது ஒரு குறையன்று. 'ஏன் இங்கு மலையில்லை? பின் ஏன் கடலருகே நன்னீர் சுரக்கின்றது?' என்று ஒரு பிள்ளையைக் கேட்கவைக்குமாயின், பீதுறுதலாகலையினும் சிறந்த பாடம் அங்கேயே கிடைக்கும். அவ்வினா எழாதவரை, மலையின் மடியிலே வாழும் பிள்ளையும் மலையை அறியாததே. சரிவு பேசும் மொழியை ஒரு தலைமுறைக்குக் கற்பியாது விட்டதன் விலையை மலையகம் ஏற்கெனவே செலுத்தியுள்ளது. அம்மொழியின் முதற் சொற்களைக் கற்பிக்கும் பொறுப்பு ஆரம்ப வகுப்பு ஆசிரியரிடமும், அவரைப் பயிற்றுவிக்கும் கலாசாலைகளிடமும் பல்கலைக்கழகங்களிடமுமே உள்ளது.